92 கிலோவுக்கும் 54 கிலோவுக்கும் ஒரே மெத்தையா?

கேள்வி: எங்கள் தென்னை நார் மெத்தை பத்து வருடத்தில் குழி விழுந்துவிட்டது. லேடெக்ஸ் (ரப்பர் பால் நுரை) மெத்தை வாங்கலாம் என்று இருக்கிறோம். கணவர் 92 கிலோ, மல்லாந்து தூங்குவார், இடுப்பு வலி உண்டு. நான் 54 கிலோ, ஒருக்களித்தால்தான் தூக்கம் வரும். காலையில் தோள் மரத்துப்போகிறது. அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வந்துவிடும். கட்டில் ஆறுக்கு ஆறரை அடி. கடைக்காரர் கெட்டியான ‘ஆர்த்தோ லேடெக்ஸ்’ ஒன்றைக் காட்டி, இருவருக்கும் பொருந்தும் என்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். அந்த மெத்தை மோசம் என்பதால் இல்லை. உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே மெத்தை என்பதே சரிப்படாது.

ஒருக்களித்துப் படுக்கும்போது உங்கள் எடையில் பெரும்பகுதியைத் தோளும் இடுப்பெலும்பும்தான் தாங்குகின்றன. அவை இரண்டும் மெத்தைக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். 54 கிலோ உடம்பு கெட்டியான லேடெக்ஸில் இறங்காது. தோள் நசுங்கும், கை மரத்துப்போகும். உங்கள் கணவருக்கு இதற்கு நேர்மாறு. உங்களுக்கு இதமாக இருக்கும் மெத்தையில் அவருடைய இடுப்பு பள்ளத்தில் உட்காரும், முதுகு வில்லாக வளையும். நடுவில் ஒன்றைப் பார்த்து வாங்கலாமே என்பார்கள். வாங்கினால் இரண்டு பேருக்குமே அரைகுறைத் தூக்கம்தான் கிடைக்கும்.

ஆறடி அகலக் கட்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 78க்கு 72 அங்குலத்தில் ஒரே மெத்தை வாங்காமல், 78க்கு 36இல் இரண்டு வாங்குங்கள். உயரம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், ஆறு அங்குலம் போதும். அவர் பக்கம் முழுக்க மீடியம் ஃபர்ம், அதாவது நடுத்தரக் கெட்டி. உங்கள் பக்கம் கீழே நான்கு அங்குலம் மீடியம், மேலே இரண்டு அங்குலம் சாஃப்ட். இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டு ஜிப் வைத்துத் தரச் சொல்லுங்கள். லேடெக்ஸ் துள்ளும் பொருள், அசைவைக் கொஞ்சம் கடத்தும். நடுவில் வெட்டு விழுந்துவிட்டால் அவர் புரள்வது உங்கள் பக்கம் வருவது வெகுவாகக் குறையும். அப்புறம் இன்னொரு வசதி. ஆறடி லேடெக்ஸ் 40 கிலோவை ஒட்டி இருக்கும், தலைமாடு கால்மாடு மாற்றிப்போட ஆள் கூப்பிட வேண்டும். பாதி மெத்தை என்றால் நீங்கள் இருவரே திருப்பிவிடலாம்.

‘ஆர்த்தோ’ என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. யார் வேண்டுமானாலும் உறையில் தைத்துக்கொள்கிறார்கள். இடுப்பு வலிக்குக் கெட்டி மெத்தைதான் மருந்து என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேருக்கு, பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தை, பாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி என்று கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. உங்கள் கணவருக்கும் பலகை மாதிரி மெத்தை வேண்டாம் என்பது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது என்று சொல்லிவிட்டேன். இனி எப்படி ஏமாறாமல் இருப்பது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 22 வருடம் மெத்தைத் தொழிற்சாலையில் தரம் பார்த்த எனக்கு வரும் கடிதங்களில் பாதி, வாங்கி முடித்தவர்களிடமிருந்துதான் வருகின்றன.

போன வருடம் என் அத்தை மகன் ‘நேச்சுரல் லேடெக்ஸ்’ என்று ஒரு மெத்தை வாங்கினான். ஆறே மாதத்தில் நடுவில் பள்ளம். போய் ஜிப்பைத் திறந்தேன். மேலே ஒரு அங்குலத்துக்குப் பாலாடை நிறத்தில் ஓட்டை ஓட்டையாக அசல் லேடெக்ஸ். அதற்குக் கீழே பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கழிவு ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திய ரீபாண்ட் கட்டி, நான்கு அங்குலம். அதற்கும் கீழே மெல்லிய ஃபோம் ஒன்று. பில்லைப் பார்த்தால் ‘லேடெக்ஸ் மேட்ரஸ் – 1’. அவ்வளவுதான். சட்டப்படி கடைக்காரர் பொய் சொன்னார் என்று நிரூபிக்க அந்தப் பில்லில் ஒன்றுமே இல்லை. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சடிக்க வேண்டும். அரை லட்சம் ரூபாய் மெத்தையில் எத்தனை அங்குலம் லேடெக்ஸ், மிச்சம் என்ன என்று எழுதியிருப்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் இன்னும் எத்தனை வருடம் தூங்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

அதனால் ஜிப் இல்லாத மெத்தையைத் தொடவே தொடாதீர்கள். பணம் கொடுக்கும் முன் திறந்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை பாருங்கள். அசல் லேடெக்ஸில் தெரியும் ஓட்டைகள் அழகுக்காக இருப்பவை அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் வடிக்கிறார்களே, அந்த ரப்பர் பாலைச் செறிவாக்கி, நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, இட்லி மாதிரி நீராவியில் வேகவைப்பார்கள். சூடு நடுவரை போக வேண்டும் என்று அச்சுக்குள் நிறையக் கம்பிகள் நிற்கும். அவை விட்ட தடம்தான் ஓட்டை. இது டன்லப் முறை, நம் ஊரில் கிடைப்பதில் பெரும்பகுதி இதுதான். அச்சை உறையவைத்துச் செய்யும் தலாலே முறை லேடெக்ஸ் இன்னும் மென்மை, விலையும் இன்னும் அதிகம். உங்கள் பிரச்சினைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இப்போது சாதா ஃபோமிலும் ஓட்டை போட்டு ‘லேடெக்ஸ் ஃபீல்’ என்று விற்கிறார்கள். ‘ஃபீல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். தராசு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு அங்குல உயரத்தில் ஒரு பாதி மெத்தை, உறை நீங்கலாக, 18 முதல் 24 கிலோ வரை இருக்க வேண்டும். சாதா ஃபோம் ஒன்பது, பத்து கிலோவில் நின்றுவிடும். ரீபாண்ட் மட்டும் லேடெக்ஸை விடவும் கனமாக இருக்கும், அது எடையில் சிக்காது. அதற்குத்தான் முதலில் ஜிப். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது விலையை எடையால் வகுத்து, கிலோ என்ன ரூபாய் என்று பாருங்கள். எண்பதாயிரம் போட்டு அடித்து நாற்பதாயிரம் என்று எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கணக்கின் முன் நிற்காது.

இன்டீரியர் செய்து கொடுக்கிறவர், ‘எனக்குத் தெரிந்த டீலர்’ என்று கூட்டிப்போகும் ஆள், இவர்களோடு மெத்தைக் கடைக்குப் போகவே கூடாது. அவர்களுடைய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். கணவரோடு மட்டும் போங்கள், இருவரும் அவரவர் தலையணையை எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் எல்லாரும் மல்லாந்து படுத்து, அரை நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒருக்களித்து, கால்மணி நேரம் அசையாமல் படுங்கள். பின்னாலிருந்து கணவர் போனில் ஒரு படம் எடுக்கட்டும். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுத்தண்டு நேர்கோடாக இருந்தால் சரி. அவர் மல்லாந்திருக்கும்போது இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை கெட்டி. கையே நுழையவில்லை என்றால் இடுப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டு பாதியாக வாங்கச் சொன்னதில் ஒரே ஒரு விதிவிலக்கு. கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் நடுவில் குழந்தை தூங்குகிறதா? அல்லது ஊரிலிருந்து மகள் வந்தால் பேரன் நடுவில் படுப்பானா? நம் வீடுகளில் குழந்தைக்கு நடு இடம்தான். மூன்று நான்கு வயதுக் குழந்தை என்றால் நடுவில் இருக்கும் இணைப்பு முதுகை உறுத்தும், அவ்வளவுதான். இரண்டு பாதிக்கும் மேலே முழு அகலத்துக்கு ஒரு அங்குல லேடெக்ஸ் விரிப்பு போட்டால் போதும். கைக்குழந்தை என்றால் விஷயம் வேறு. இரண்டு மெத்தை விலகிய இடைவெளியில் குழந்தையின் முகம் புதைந்துவிடலாம். ஒரே உறை, ஜிப், நாடா எதையும் நான் நம்பச் சொல்ல மாட்டேன். அதற்காக ஒரே மெத்தையாக வாங்கினாலும் தீராது, சாஃப்ட் லேடெக்ஸ் மேலேயும் கைக்குழந்தையைப் போடக் கூடாது. ஒரு வயது ஆகும்வரை கட்டிலை ஒட்டித் தனியாக, சமமான கெட்டிப் படுக்கையில் கிடத்துங்கள். இதில் மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டில் அப்படித்தான் வளர்ந்தது என்ற பேச்சே வேண்டாம்.

ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வருகிறவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். மெத்தை வந்த பிறகு மொட்டைமாடியில் வெயிலில் மட்டும் போடாதீர்கள். இலவம்பஞ்சுக்கு வெயில் நல்லது, லேடெக்ஸ் பொரிந்து உதிர்ந்துவிடும். மின்விசிறிக் காற்று போதும்.

‘100 நாள் பார்த்துவிட்டுத் திருப்பலாம்’ என்றால், பணம் திரும்ப வருமா, வேறு மெத்தைதான் தருவார்களா, ஏற்றுக்கூலி யாருடையது என்று எழுதி வாங்குங்கள். வாரண்டியில் எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித்தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள்.

பில்லில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘78×36×6 அங்குலம், இரண்டு, முழுவதும் இயற்கை லேடெக்ஸ், வேறு ஃபோம் இல்லை, எடை இத்தனை கிலோ, ஒன்று முழுக்க மீடியம் ஃபர்ம், இன்னொன்று கீழே நான்கு அங்குலம் மீடியம், மேலே இரண்டு அங்குலம் சாஃப்ட்.’ இப்படி எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். எழுதிக்கொடுத்த பிறகு வேறு பொருள் வந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த ஒரு தாள் போதும்.

போவதற்கு முன் கட்டிலின் உள் அளவை நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். ஆசாரி ஆறரை அடி என்று சொன்னது 76 அங்குலமாக இருந்துவிட்டால் அளவு சொல்லி வெட்ட வேண்டிவரும். வெட்டிய மெத்தையை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.