கடவுளை இழிவா பேசுறது குற்றமா இருக்கணுமா? பல மதத்துக்காரங்க இருக்குற ஊர்ல எது வரைக்கும் பேசலாம்?

என் பதில முதல்லயே சொல்லிடறேன். சாமிய பேசுனதுக்கு கேஸ் வேணாம், மனுஷன மிரட்டுனதுக்கு கட்டாயம் வேணும். ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கய்யா போடுவன்னு கேப்பீங்க, அதத்தான் சொல்லப் பாக்கறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் கிருஷ்ணகிரில ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன். இந்தத் தொழில்ல எல்லா சாமியும் நம்மகிட்ட வந்துட்டுதான் போகணும், அம்மன் திருவிழா, தர்கா உரூஸ், கிறிஸ்துமஸ், அதுக்கு நடுவுல கடவுள் இல்லன்னு சொல்ற பொதுக்கூட்டம், எல்லாமே ஒரே மெஷின், சில நாள் ஒரே ரோல்லயே அடுத்தடுத்து ஓடும். இங்க் காயறதுக்கு மேல தொங்கவிட்டிருப்போம், பெரியார் தாடி பக்கத்துலயே அம்மன் சூலம் ஆடிட்டு இருக்கும். எடுக்க வர்றவங்க யாரும் இதுவரைக்கும் முகம் சுளிச்சதில்ல, லேட் ஆச்சுன்னுதான் சண்டை போடுவாங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு நாலு பாஷை ஓடுற ஊரு, கோட்டை இருக்குற மலையோட பேரே சையத் பாஷா மலை.

இப்ப மேட்டருக்கு வரேன். சாமிய கிண்டல் பண்றது நம்ம பக்கம் புதுசே இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி சைடு பாரதக் கூத்து பாத்தவங்களுக்குத் தெரியும், கோமாளி வேஷக் கட்டியக்காரன் வந்தான்னா கிருஷ்ணன்ல இருந்து துரியோதனன் வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டான், விடியவிடிய ஓட்டுவான், முன்னாடி உக்காந்து விழுந்து விழுந்து சிரிக்கற பாட்டிங்கதான் காலைல படுகளத்துக்கு விழுந்து கும்பிடுவாங்க. காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளைல காளி வேஷம் கட்டுனவரு ஓரமா நின்னு டீ குடிச்சிட்டு இருப்பாரு, யாருக்கும் மனசு புண்படாது. ஆனா அந்தக் காளி டீ குடிக்கறத போட்டோ எடுத்து வேற மதத்துக்காரன் ஒருத்தன் சிரிக்கற எமோஜி போட்டு ஸ்டேட்டஸ் வச்சான்னு வைங்க, சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷன் வாசல்ல கூட்டம் நிக்கும். படமும் அதேதான், சாமியும் அதேதான், போட்டது யாருங்கறதுலதான் கோவம். அந்தக் கோவம் பொய்யுன்னு நான் சொல்லல, நிஜமாவே வலிக்கும். ஆனா ஆளப் பொறுத்து மாறுற ஒண்ண வச்சு கைது பண்ணலாமா?

சட்டம் என்ன சொல்லுதுன்னு பலபேர் படிக்காமயே பேசுறாங்க. மத உணர்வ புண்படுத்தறதுக்கான பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 295ஏ, இப்ப அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 299. இது வெள்ளக்காரன் ஆரம்பத்துல எழுதுனதுல இல்லாத பிரிவு. லாகூர்ல நபிய பத்தி இழிவா ஒரு புத்தகம் போட்டவர, இருக்குற சட்டத்துல இது குற்றம் இல்லன்னு ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு, பெரிய கொந்தளிப்பாச்சு, 1927-ல இத சேத்தாங்க. சேத்தும் அவர 1929-ல குத்திக் கொன்னுட்டாங்க. இன்னொண்ணு, 1860 தண்டனைச் சட்டம்தான் நமக்கும் பாகிஸ்தானுக்கும் ஒரே மூலம். அவங்க 80கள்ல அதே 295-ல பி, சி-ன்னு சேத்துட்டே போனாங்க, கடைசில மரண தண்டனை வரைக்கும் வந்து நின்னுச்சு. அங்க ஆசியா பீபின்னு கூலிவேலை செய்ற ஒரு கிறிஸ்தவ அம்மா, வயல்ல தண்ணி குடிச்சதுல வந்த வாக்குவாதம், நபிய இழிவா பேசுனாங்கன்னு கேஸ், 2009-ல உள்ள போனவங்க சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணது 2018-ல. அவங்களுக்காக பேசுன பாகிஸ்தான் பஞ்சாப் கவர்னர சொந்த பாதுகாவலரே சுட்டுட்டாரு. நம்ம நாடு அப்படி இல்ல, இருந்தாலும் "இன்னும் கடுமையான சட்டம் வேணும்"னு கமெண்ட்ல எழுதறவங்க அந்தப் பாதைய ஒரு தடவை பாத்துக்கணும்.

நம்ம 299-ல தண்டனை 3 வருஷம் வரைக்கும். "வேணும்னே, கெட்ட எண்ணத்தோட" பண்ணிருக்கணும்னு பிரிவுலயே இருக்கு, 1957-லயே சுப்ரீம் கோர்ட் தெரியாம கவனக்குறைவா பேசுனது இதுல வராதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. அப்புறம் என்ன பிரச்சனைனா, ஜாமீன் கிடைக்காத பிரிவு, வாரண்ட் இல்லாம போலீஸ் தூக்கலாம். கோர்ட் கேஸ எடுத்துக்கணும்னாதான் அரசாங்க அனுமதி வேணும், கைது பண்ண வேணாம்! அதுக்குள்ள ஆளு ஜெயில் சாப்பாடு சாப்பிட்டு, வேலைய விட்டு, வக்கீலுக்கு கடன் வாங்கிருப்பான். நம்ம தோனியவே எடுத்துக்கங்க, 2013-ல ஒரு பத்திரிகை அவர விஷ்ணு மாதிரி அட்டைப்படம் போட்டுச்சு, அவரு வரையல, டிசைனும் பண்ணல, ஆனாலும் ஆந்திராவுல கேஸ், வாரண்ட் எல்லாம். சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணது 2017-ல. தோனிக்கே இவ்ளோ வருஷம்னா பாலக்கோட்டுல தக்காளி மண்டில கணக்கு எழுதற பையனுக்கு? (எங்க கடைக்கு தலைவர முருகன் கெட்டப்ல போடச்சொல்லி மாசாமாசம் வராங்க, அந்தக் கணக்குல பாத்தா நான் எப்பவோ உள்ள இருக்கணும்.)

"இந்து சாமிய மட்டும்தானே பேசுறாங்க, மத்தவங்கள பேச தைரியம் இருக்கா"ன்னு கேக்கறவங்களுக்கு. கேள்வில கொஞ்சம் நியாயம் இருக்கு, ஒரு பக்கம் மட்டும் துணிச்சல் காட்டறவங்களும் இருக்காங்க. ஆனா 2017-ல கோயம்புத்தூர்ல முஸ்லிம் குடும்பத்துல பொறந்து கடவுள் மறுப்பு பேசுன ஒரு இளைஞர வெட்டிக் கொன்னாங்க, அவரும் பேசுனவருதான். அங்க தேவைப்பட்டது பேசுறவனுக்குப் பாதுகாப்பு. பெரியார் 1953-ல திருச்சில மண் பிள்ளையார ஒடச்ச கேஸ் 1958-ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, மண்ணு பொம்மைனாலும் ஒரு கூட்டத்துக்கு அது புனிதம்னா மதிக்கணும்னு சொன்னாங்க, பழைய கேஸ்னு தூசு தட்டாம விட்டுட்டாங்க. எனக்கு அந்தத் தீர்ப்புல ஒரு பாதி ஒத்துவரும். கோயிலுக்குள்ள போய் அடுத்தவன் சிலைய ஒடச்சா உள்ள போடுங்க. காசு குடுத்து வாங்குன பொம்மைய ஒடச்சா அவன் பாடு.

கோடு எங்கன்னு கேட்டீங்கல்ல. ஒரு பையன் டிசைன் கொண்டுவந்தான், "ணா, இத அப்படியே அடிச்சு குடுங்க"ன்னு. படிச்சா அதுல எந்த சாமியும் இல்ல, ஒரு மதத்துக்காரங்க இருக்குற தெருவுல, அவங்க கடைல யாரும் பொருள் வாங்கக்கூடாதுன்னு இருந்துச்சு. அடிக்கமாட்டேன் தம்பின்னுட்டேன், வேற கடைக்குப் போறேன்னான், போயிக்கன்னேன். வேடிக்கை என்னன்னா அதுல யார் மனசும் புண்பட்டதா ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா அந்தத் தெருக்காரன் அடுத்த மாசம் வாடகை குடுக்க முடியாம போயிருக்கும். இதுக்கெல்லாம் அதே சன்ஹிதால பிரிவு 196 இருக்கு, மதத்த வச்சு ரெண்டு பிரிவுக்கு நடுவுல பகை மூட்டுறது. அத ஒழுங்கா, எல்லா பக்கமும் ஒரே மாதிரி போட்டா போதும்.

299-அ எடுத்தே ஆகணும்னு சொன்னா எந்த கட்சியும் தொடாது, தெரியும். குறைஞ்சது அரசாங்க அனுமதிய கைதுக்கு முன்னாடியே வாங்கணும்னு மாத்தட்டும், ஜாமீன் குடுக்கற பிரிவா ஆக்கட்டும். பாதி புகார் வாசல்லயே நின்னுடும்.