விண்மீன் கதைகளில் ஊறிய மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

பண்டைய நாகரிகங்களின் விண்மீன் கதைகளையே மேற்படிப்பாகக் கொள்ள வேண்டும் என்று தங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதையும், அது சோதிடமாகிவிடுமோ, பிழைப்புக்கு உதவாதோ என்று தாங்கள் கலங்குவதையும் கடிதத்தில் கண்டேன். அது சோதிடமன்று, பண்டைய மக்கள் வானத்தை எப்படிக் கண்டார்கள், எப்படிப் பதிந்தார்கள் என்று ஆராயும் தொல்வானியல் என்னும் முறையான ஆய்வுத்துறை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பாபிலோனியர் களிமண் பலகையில் பதிந்து வைத்தனர். பகலிலேயே வெள்ளியும் புதனும் தென்பட்டன என்பதுகூட அதில் உள்ளது. பூமி அன்றும் இன்றும் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கொண்டு கணக்கிட்டால், நிலவின் நிழல் பாபிலோனைத் தொடாமல் வெகு மேற்கே விழுந்திருக்க வேண்டும். அந்த வேறுபாட்டைக் கொண்டே பூமியின் சுழற்சி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அறிஞர்கள் அளந்தார்கள். பாபிலோனியர் களிமண்ணில் பதித்த ஆப்பெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இல்லையேல் பலகை வெறும் மண். கணிதம் அறிந்தவர் இல்லையேல் அது வெறும் செய்தி.

ஆகவே இளநிலையில் இயற்பியலையோ கணிதத்தையோ எடுத்துக்கொண்டு, உடன் ஒரு பழைய மொழியையும் அவர் தொடங்கட்டும். பண்டைய கிரேக்க மொழி வானியலாளர் தாலமி தொகுத்த 48 விண்மீன் குழுக்களில் மனம் சென்றால் கிரேக்கம், அவற்றை 964 வாக்கில் மறுபடி ஆராய்ந்து எழுதிய பாரசீக வானியலாளர் அல்-சூஃபியிடம் சென்றால் அரபு, நிலவின் பாதையை 28 மனைகளாகப் பகுத்த சீனரிடம் சென்றால் செவ்வியல் சீனம். பால்வழியின் இருண்ட திட்டுகளில் ஈமு பறவையைக் காணும் ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் வானம் ஏட்டில் இல்லை, முதியோரின் வாய்மொழியில் வாழ்கிறது; எனக்கு மிகவும் பிடித்த வானமும் அதுதான். அதை நாடுபவருக்கு மானிடவியல் வேண்டும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இத்துறைக்கென்றே உள்ள பல்கலைக்கழகப் பணியிடங்கள் மிகக் குறைவு, அவற்றுக்கு முனைவர் பட்டமும் தேவை. கோளரங்கம், அருங்காட்சியகம், ஆசிரியப்பணி, அறிவியல் எழுத்து ஆகியவை அடுத்த வழிகள். இளநிலையில் கணித அடித்தளத்தை நான் வற்புறுத்துவது, பின்னாளில் மனம் மாறினாலும் தரவுப் பகுப்பாய்வு போன்ற பணிகளுக்கு அவர் செல்லக்கூடும் என்பதனால்தான்.

முடிவெடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். சில வாரங்கள் சூரியனின் ஒளியில் மறைந்திருந்த கார்த்திகைக் கூட்டம், விடியலுக்கு முன் கீழ்வானில் மீண்டும் முதன்முதலாகத் தென்படும் நாளை அவரே காத்திருந்து குறிக்கட்டும். பாபிலோனியர் செய்ததும் இதுவே. மேகம் மறைத்த காலைகளையும் விடாமல் எழுதிய குறிப்பேட்டுடன் அவர் வந்தால், எந்தக் கல்லூரி என்பதைப் பற்றி நாம் பேசலாம்.