கேளுங்கோ சொல்லுறம்: புகையோட நிக்கிற பழைய எஞ்சின்

கேள்வி: அண்ணே, எனக்குப் பழைய டீசல் எஞ்சின் எண்டா பைத்தியம். விடியக்காலம நைட் மெயில் திருகோணமலை ஸ்டேசனுக்குள்ள வரேக்க போன்ல எடுக்கிறன், எல்லாப் படத்திலயும் எஞ்சின் கறுத்த பெட்டி மாதிரித்தான் இருக்கு. நல்ல கமரா வாங்கத்தான் வேணுமோ? (ஒரு தம்பி, உப்புவெளி)

பதில்: காசை வச்சிருங்கோ தம்பி. நீங்க வெயிலைப் பாத்துக்கொண்டு நிண்டு எடுக்கிறீங்க போல, போன் வானத்து வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி படத்தை இருட்டாக்குது, எஞ்சின் கறுக்காம என்ன செய்யும். சூரியன் உங்கட முதுகுப் பக்கம் வாற மாதிரி மாறி நிண்டு, போன்ல எஞ்சின்ர முகத்தை விரலால ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ, அரைவாசிப் பிரச்சினை தீந்திடும்.

ஆனா என்னைக் கேட்டா, வாற கோச்சியை விட வெளிக்கிடுற கோச்சியிலதான் படம் இருக்கு. 1975இல கனடாவில மொன்றியல்ல இருந்து வந்த எம் 4 எண்ட வகை எஞ்சின் இருக்குதே, 1750 குதிரைவலு, உள்ளுக்க அல்கோ எண்ட அமெரிக்கக் கொம்பனியின்ர டீசல் மோட்டர். ட்ரைவர் பிடியைத் திறந்த உடன டீசல் போயிடும், காத்தை உள்ளுக்குத் தள்ளுற டர்போ சுத்தி வேகம் பிடிச்சு காத்துக் குடுக்கக் கொஞ்சம் சுணங்கும், காத்துக் காணாம எரியிறதாலதான் அந்தக் கறுப்புப் புகை குபுகுபு எண்டு எழும்புறது. கொஞ்ச நேரந்தான் நிக்கும், அதால ஹோர்ன் அடிச்ச உடனயே பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ, முப்பது படம் விழுந்தா ஒண்டு தேறும். நான் ரெண்டு வருசமா முகத்தையே எடுத்துத் திரிஞ்சவன், இப்ப அதுகளைப் பாக்கவே அலுப்பா இருக்கு.

எங்கயாவது எம் 2 கண்டா விடாதீங்கோ. 1954இல கொழும்புத் திட்டம் எண்ட நாடுகளுக்கிடையான உதவித் திட்டத்தில கனடா தரத் தொடங்கின எஞ்சின், அதால ஒன்டாரியோ, அல்பேர்ட்டா எண்டு அந்த நாட்டு மாகாணப் பேர், பிறகு வந்ததில ஒண்டுக்குக் காங்கேசன்துறை எண்டும் பேர் வச்சிருக்கு. 2004 சுனாமியில தெற்குக் கரையில பெரலிய எண்ட ஊரில அடிபட்ட கோச்சியை இழுத்த 591 மனிட்டோபாவும் எம் 2 தான், திருத்தித் திரும்ப ஓட விட்டவை. கிட்டப் போய்ப் பேர்த் தகட்டை எடுங்கோ, எழுத்துக்கு மேல பெயின்ட் பூசிப் பூசித் தடிச்சுப் போய், ஓரத்தில எண்ணெய்யும் தூசியும் படிஞ்சு கிடக்கும், முழு எஞ்சினை விட அதுதான் வயசைச் சொல்லும்.

கேள்வி: என்ர மகன் படம் எடுக்கிறன் எண்டு தண்டவாளத்தில நடக்கிறான். பயமா இருக்கு, என்ன சொல்ல? (ஒரு அம்மா, கந்தளாய்)

பதில்: வேண்டாமெண்டே சொல்லுங்கோ அக்கா, தண்டவாளத்தில நடக்கிறது சட்டப்படியும் குற்றம். கல்லோயாப் பக்கமெண்டா யானை வேற, கோச்சியே அதுகளில மோதுற இடம். ஸ்டேசன் மாஸ்டரிட்டக் கேட்டு பிளாட்போமில நிண்டு எடுக்கட்டும், மரியாதையாக் கேட்டா அனேகமா விடுவினம். சீனக்குடாவில மட்டும் விமானப்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாமெண்டு சொல்லி அனுப்புங்கோ, அங்க எஞ்சினைத்தான் எடுத்தனான் எண்டு விளங்கப்படுத்துறதுக்குள்ள பொழுது பட்டிடும்.