பரம்பரைச் சங்குக்கு வண்ணம் தீட்டுவது: கேள்வி பதில்

கீழக்கரை, வேதாளை, தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் தலைமுறையாக வந்த சங்கும் சோழியும் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றில் வண்ணம் தீட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை.

கேள்வி (கீழக்கரை): அக்கா, பாட்டி காலத்துப் பெட்டி நிறைய சங்கு, சோழி, முத்துச்சிப்பி இருக்கு. எல்லாத்தையும் தீட்டலாமா?

பதில்: எல்லாம் வேண்டாம் தம்பி. பிள்ளைக்கு மருந்து புகட்டிய சங்கையும் ஊதுகிற சங்கையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். வாய் படும் பொருளில் வண்ணமோ வார்னிஷோ சேரக் கூடாது. மையிலோ பென்சிலிலோ ஊர்ப்பெயர், தேதி எழுதியிருந்தால் அந்த ஓட்டையும் தொடாதீர்கள்; அந்த எழுத்து அழிந்தால் திரும்பக் கிடைக்காது. முத்துச்சிப்பியில் மின்னும் உள்பக்கத்தை விட்டுவிட்டு வெளிப்பக்கம் மட்டும் தீட்டலாம்.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் சில சங்கு, சிப்பி இனங்கள் சேர்ந்தன. கொம்பு போல முண்டும் தடித்த உதடும் (வாயின் ஓரம்) உள்ள காசிஸ் கார்னூட்டா, உள்ளே அறை அறையாகப் பிரிந்த நாட்டிலஸ், மேலே செதில் வரிசை உள்ள பெரிய திரிடாக்னா சிப்பி ஆகியவை அதில் உண்டு. பெட்டியில் இவை இருந்தால் வண்ணம் தீட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். தாத்தா காலத்துப் பொருள் என்பதற்காக விற்க முடியாது.

கேள்வி (இராமேஸ்வரம்): எங்க வீட்டில் இருப்பது வலம்புரிச் சங்கு என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?

பதில்: சுருள் முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்கும், வலம்புரிக்கு இடப்பக்கம். அடுத்து வாய்க்குள் தெரியும் நடுத்தூணைத் தடவிப் பாருங்கள். நம் கடல் சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்பு விரலில் தட்டுப்படும். வழவழவென்று இருந்தால் அது அமெரிக்கக் கடலோரத்தில் இயல்பாகவே இடப்பக்கம் திறக்கும் வேறு இனம். அதைத்தான் வலம்புரி என்று விற்கிறார்கள். உண்மையான வலம்புரியைத் தீட்டாதீர்கள்.

கேள்வி (மண்டபம்): சோழிகளில் வெள்ளை மாவு பூத்திருக்கிறது. துடைத்தாலும் சில வாரத்தில் மறுபடி வருகிறது. பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை.

பதில்: அந்த வாடை பெட்டியிலிருந்து வருவது. மரம், பிளைவுட், அட்டை ஆகியவற்றிலிருந்து அசிட்டிக் அமில ஆவி கசியும். ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து, நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆவியும் ஈரமும் சேர்ந்து ஓட்டை அரிக்கின்றன. அரித்த இடத்தில் உப்பு பூக்கிறது. பூஞ்சை என்று நினைத்து வினிகரில் துடைத்தால் இன்னும் அரிக்கும்.

கேன் தண்ணீரில் ஊறப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, நான்கு நாள் வையுங்கள். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதில் ஊற வைக்காதீர்கள், உப்பு மறுபடி ஏறும். பிறகு வாய் கீழே சாய்ந்திருக்கும்படி நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். சுருளுக்குள் தங்கிய நீர்தான் பின்னால் வண்ணத்தைத் தூக்கும். காய்ந்ததைப் பழைய பெட்டியில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பஞ்சு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். போன பளபளப்பு திரும்பாது. தீட்டுவதற்குப் பொருத்தமானவை இப்படி மங்கிப்போன ஓடுகள்தான். மினுக்கம் குறையாத சோழியை அப்படியே விட்டுவிடலாம்.

கேள்வி (தேவிபட்டினம்): பூஜைச் சங்கில் எண்ணெய், குங்குமம் ஏறியிருக்கு. விளக்குக்குப் போடுகிற புளியைப் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை எதுவாக இருந்தாலும் மேல்தோலைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பல்துலக்கும் பிரஷ், இவை போதும். மஞ்சள், குங்குமக் கறை முழுக்கப் போகாது, போகவும் வேண்டாம். எண்ணெய் மட்டும் சுத்தமாகப் போக வேண்டும். ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்காமல் பரவ வேண்டும்.

கேள்வி (பாம்பன்): சோழியில் அக்ரிலிக் வண்ணம் தீட்டினேன். பத்து நாளில் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

பதில்: சோழியின் மேல்பரப்பு பீங்கான் போல வழவழப்பானது, வண்ணம் பிடிக்க இடமில்லை. உப்புத்தாள் போட்டால் பிடிக்கும், ஆனால் குடும்பப் பொருளைத் தேய்த்துவிட்டால் பழைய மேனி வராது. அதனால் அடித்தளமாகப் பாரலாய்டு பி-72 பூசுங்கள். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக் பிசின் அது. 10 கிராம் பி-72 மணிகளை 100 மில்லி அசிட்டோனில் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இடையிடையே குலுக்கி, ஒரு நாள் விட்டால் கரையும். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெய் கலந்திருக்கும், அது ஆகாது. மெல்லிய இரண்டு பூச்சு போதும், நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது; ஆவி சட்டென்று பற்றும்.

அதன் மேல் அக்ரிலிக்கை அதிகம் நீர்க்காமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடிமனான ஒரே பூச்சுதான் தோலாக உரியும். பின்னொரு நாள் உங்கள் பேத்திக்குப் பழைய ஓடே வேண்டுமென்றால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் வண்ணமும் அடித்தளமும் சேர்ந்து போய்விடும். இந்த வழி இல்லாமல் பரம்பரைப் பொருளில் தூரிகையை வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தீட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): ஒரு நாளில் எந்த வேலையை எப்போது செய்வது? வார்னிஷ் பால் போல வெளுத்துவிடுகிறது.

பதில்: ஈரப்பதத்தைப் பார்த்து ஒரு நாளின் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு சின்ன ஈரமானி வாங்குவது வீண்செலவல்ல. விடியற்காலை ஈரம் அதிகம், அக்ரிலிக் மெதுவாகக் காயும். நிறங்களை ஒன்றோடொன்று இழைக்க அதுவே நல்ல நேரம். 10 மணிக்கு மேல் நுண்கோடுகள், 00 எண் கொண்ட மெல்லிய தூரிகையில். பி-72, வார்னிஷ் இரண்டையும் ஈரம் குறைந்த நடுப்பகலில் மட்டும் பூசுங்கள். அசிட்டோன் போன்ற கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுக்கும். வெயில் நாளில் மெல்லியதாக மறுபடி பூசினால் பெரும்பாலும் தெளியும்.

கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் மணல் பறக்கும். கடல் பக்க ஜன்னலை மூடி, ஈர ஓட்டைக் கவிழ்த்த டப்பாவுக்குள் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு, கழுவுவது, படம் எடுப்பது, பென்சிலில் வடிவம் போடுவது எனச் செய்யலாம்.

கேள்வி (ஏர்வாடி): சங்கின் உடைந்த உதட்டை எம்-சீல் (கெட்டியாகும் ஒட்டுப் பசை) வைத்து ஒட்டலாமா?

பதில்: வேண்டாம், கெட்டியானபின் எடுக்க முடியாது. பி-72-ஐக் கெட்டியாகக் கரைத்துச் சுண்ணக்கட்டித் தூளோடு குழைத்து நிரப்புங்கள். விளிம்பை ராவ வேண்டுமென்றால் தண்ணீர் விட்டுத்தான், முகக்கவசத்தோடு. ஓட்டுத்தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

கேள்வி (தொண்டி): தீட்டியதைச் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன், எழுத்து ஒட்டிக்கொண்டது.

பதில்: அக்ரிலிக் தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். நம் ஊர் வெக்கையில் அதன்பிறகும் சற்று இளகும். சுற்றவே வேண்டாம். ஒன்றோடொன்று படாமல் டப்பாவில் தனித்தனிக் குழி அமைத்து, தீட்டாத பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஒட்டிய தாளைப் பிய்க்காமல் ஈரத்துணியால் நனைத்து மெல்ல உருட்டி எடுங்கள்.