கணினிக் கேள்வி பதில்: ஆப்சென்ட்டுக்கு ஏன் நூறு மார்க்?

கேள்வி: எங்கள் டீமில் டெஸ்ட் எல்லாமே ஷெல் ஸ்கிரிப்ட்தான். ஆட்டோமேக் என்ற பில்டு டூலின் 'மேக் செக்' கமாண்ட் வழியாக ஓட்டுகிறோம். தேவையான டூல் மெஷினில் இல்லையென்றால் எக்சிட் 0 (அதாவது, 'வெற்றி' என்று பொருள்படும் எண்) போட்டு வெளியே வந்துவிடச் சொல்கிறார் லீட். 'இல்லாவிட்டால் ரிப்போர்ட் சிவப்பாகிவிடும்' என்கிறார். இது சரியா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் லீடைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். எக்ஸ்எம்எல் ஃபைல் ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. அதைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல்லிண்ட் என்ற டூல் இல்லையென்றால் எக்சிட் 0. பில்டு சர்வரை மாற்றினோம், புது மெஷினில் அந்த டூலைப் போட மறந்தோம். இரண்டு மாதம் ரிப்போர்ட் பச்சைப் பசேல். மூடாத டேக் ஒன்று கஸ்டமர் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் லாகைப் புரட்டினேன். அந்த டெஸ்ட் ஒருநாள்கூட ஓடியிருக்கவில்லை.

பரீட்சைக்கே வராத பையனுக்கு நூறு மார்க் போட்டிருக்கிறேன்! அவனுக்கு 'ஆப்சென்ட்' போடத்தான் எக்சிட் 77 இருக்கிறது. ஆட்டோமேக்குக்கு 0 பாஸ், 77 ஸ்கிப், 99 என்றால் டெஸ்ட்டைத் தொடங்குவதிலேயே கோளாறு, மற்றதெல்லாம் ஃபெயில். ஸ்கிப் வந்தாலும் மேக் செக் தோற்காது. ஆக, லீட் பயப்படுகிற சிவப்பு வராது. கடைசியில் எத்தனை ஸ்கிப் என்ற கணக்கும் வந்துவிடும். மெசான் என்ற இன்னொரு பில்டு டூலிலும் இதே 77தான். லினக்ஸ் கெர்னலின் சொந்த டெஸ்ட் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்ட்டில் மட்டும் ஸ்கிப்புக்கு 4. வெளியேறும் முன் 'எக்ஸ்எம்எல்லிண்ட் இல்லை' என்று ஒரு எக்கோ போடுங்கள். காரணம் சொல்லாத ஸ்கிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி வம்பு. பைப்புக்குப் பின்னால் வரும் வொயில் லூப்புக்குள் எக்சிட் 77 போட்டால், பாஷ் போன்ற ஷெல்களில் அது சப்ஷெல்லிலிருந்து (லூப்பை ஓட்ட ஷெல் தனியாகத் தொடங்கும் துணை ஷெல்) மட்டும்தான் வெளியேறும். செட் மைனஸ் ஈ (கமாண்ட் தோற்றதும் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் ஷெல் வசதி) போடாவிட்டால், ஸ்கிரிப்ட் பாட்டுக்கு மேலே ஓடி, கடைசிக் கமாண்ட் 0 தந்தால் பாஸ் ஆகிவிடும். அடைப்புக்குறிக்குள் எழுதிய கமாண்டுகளுக்கும் இதே கதைதான். ஸ்கிப் சோதனையை ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று இதைவிடக் கள்ளத்தனமானது. பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வகையிலிருந்து வந்த, எக்சிட் எண்களுக்குப் பொருள் சொல்லும் சிஸ்எக்சிட்ஸ் பட்டியலில் 77-க்கு 'அனுமதி இல்லை' என்று பொருள். நீங்கள் சோதிக்கிற புரோகிராம் அந்தப் பட்டியலைப் பின்பற்றினால், அது 77 தந்து விழும்போது செட் மைனஸ் ஈ அதை அப்படியே மேலே அனுப்பும். ஃபெயில் ஆக வேண்டியது ஸ்கிப் என்று பதிவாகும். அந்த மாதிரிப் புரோகிராமைக் கூப்பிடும் இடத்தில் தோல்வியைப் பிடித்து 1 ஆக மாற்றிவிடுங்கள்.

சரி, மறந்துபோன டூலை 77 கண்டுபிடித்துத் தருமா? தராது, அது கணக்கு மட்டும்தான் சொல்லும். அதற்கு நான் செய்தது இது: ஸ்கிப் வேலையை ஒரே ஃபங்ஷனில் வைத்தேன். பில்டு சர்வரில் மட்டும் ஒரு என்விரான்மென்ட் வேரியபிள். அது இருந்தால் ஃபங்ஷன் 77-க்குப் பதில் 99 தரும். உங்கள் லேப்டாப்பில் டூல் இல்லாதது உங்கள் பாடு, பில்டு சர்வரில் இல்லாதது எல்லோர் பாடு. லீடிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்களுக்கு முதல் நாளே 11 சிவப்பு வந்தது.