முதலில் எத்தனை ஓம் என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வாகன சவுண்ட் சிஸ்டம் பற்றியவை, அதிலும் டுவல் கொயில் சப் வூபருக்கு (இரண்டு கம்பிச் சுருள் உள்ள பேஸ் ஸ்பீக்கர்) எந்த ஆம்ப் என்பதுதான். மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதையே பார்ப்போம். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது குறையக் குறைய ஆம்புக்குப் பாரம் கூடும்.

கேள்வி (உப்புவெளி): அண்ணா, என்னுடைய காரில் முதலே இரண்டு சனல் ஆம்ப் இருந்தது. 4 ஓமில் சனலுக்கு 90 வாட், 2 ஓமில் 150, பிரிட்ஜ் பண்ணினால் (இரண்டு சனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்) 4 ஓமில் 300 என்று அதன் புத்தகத்தில் இருக்கிறது. போன மாதம் டவுனில் 12 அங்குல டுவல் கொயில் சப் ஒன்று வாங்கிப் பூட்டினேன். வீட்டில் இருந்து வெளிக்கிட்டு நிலாவெளி போய்ச் சேர்வதற்குள் ஆம்பில் சிவப்பு லைட் எரிந்து சத்தம் நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் திரும்ப அடிக்கிறது. கடைக்காரர் "ஆம்ப் காணாது, பெரிசு வாங்குங்கோ" என்கிறார். சப்பின் பின்னால் 4+4 என்று போட்டிருக்கிறது.

பதில்: தம்பி, புது ஆம்ப் வேண்டாம். ஒரு சாண் வயர் போதும்.

4+4 என்றால் ஒரே கோனில் இரண்டு கொயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஆம்புக்குத் தெரியும் ஓம் மாறும். கூட்டலைக் கூட்டலோடும் கழித்தலைக் கழித்தலோடும் கட்டினால், அதாவது சமாந்தரமாக, 2 ஓம். ஒன்றின் வாலில் மற்றதைக் கட்டினால், அதாவது தொடராக, 8 ஓம். இந்த சப்பில் 4 ஓம் வரவே வராது. உங்கள் ஆம்போ பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகாது. கடையில் சமாந்தரமாகக் கட்டி 2 ஓமாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், பெட்டியைத் திறந்து பாருங்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும். பிரிட்ஜ் பண்ணும்போது ஒவ்வொரு சனலும் அந்தச் சுமையில் பாதியைத்தான் காணும், ஆக 2 ஓம் சப் உங்கள் சனலுக்கு 1 ஓமாகத் தெரிகிறது. அது சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. பாவம், அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் கொயிலின் கழித்தலில் இருந்து இரண்டாம் கொயிலின் கூட்டலுக்குச் சின்ன வயர் ஒன்று. ஆம்பின் கூட்டல் முதல் கொயிலின் கூட்டலுக்கு, ஆம்பின் கழித்தல் இரண்டாம் கொயிலின் கழித்தலுக்கு. இப்போது 8 ஓம், சனலுக்கு 4 ஓம். உங்கள் புத்தகக் கணக்குப்படி 90 + 90, ஆக 180 வாட் கிடைக்கும். 300 எங்கே 180 எங்கே என்று மனம் நோக வேண்டாம், காதுக்கு அது இரண்டு டெசிபலுக்குச் சற்று மேலான வித்தியாசம்தான். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். முழு 300 வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றால் சப்பை மாற்றி 2+2 எடுங்கள், அது தொடரில் சரியாக 4 ஓம் வரும். ஆம்பை மாற்றுவதைவிட அது மலிவாகவே முடியும்.

எங்கள் ஊரில் ஒரு பிரச்சினை, கடையில் என்ன கேட்டாலும் "ஓம் ஓம்" என்பார்கள், எத்தனை ஓம் என்றுதான் சொல்லமாட்டார்கள். வாட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: கொயில் ஒவ்வொன்றும் எத்தனை ஓம், ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

கூட்டல் கழித்தலில் மட்டும் கவனம். நானே ஒருமுறை மழை இருட்டில் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கொயிலை மாறிக் கட்டிவிட்டேன். ஒன்று கோனை வெளியே தள்ள மற்றது உள்ளே இழுக்கிறது, பேஸ் என்பதே இல்லை. சத்தம் காணாது என்று கூட்டக் கூட்ட, கடைசியில் வார்னிஷ் கருகிய மணம் வந்த பிறகுதான் விளங்கியது. ஒன்றரை வோல்ட் பேனா பற்றறி ஒன்றை எடுத்து, ஆம்ப் வயர்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கொயிலிலும் கூட்டலுக்குக் கூட்டல் தொட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் கோன் வெளியே எழும்ப வேண்டும். ஒரு நிமிட வேலை.

கேள்வி (கிண்ணியா): என்னிடம் 4+4 சப் இரண்டு இருக்கின்றன. மோனோ ஆம்ப் (ஒரே சனல் உள்ளது) எடுக்கப் போகிறேன். எது சரி?

பதில்: நான்கு கொயிலையும் சமாந்தரமாகக் கட்டினால் 1 ஓம். ஒவ்வொரு சப்பையும் தொடராக்கி, பிறகு இரண்டையும் சமாந்தரமாகக் கட்டினால் 4 ஓம். நடுவில் 2 ஓம் வராது. ஆகவே 1 ஓம் தாங்கும் மோனோ ஆம்ப் எடுங்கள், 2 ஓம் வரைதான் என்று எழுதியிருந்தால் வேண்டாம். அப்புறம் மோனோ ஆம்பில் ஸ்பீக்கருக்கு இரண்டு சோடி ஓட்டை இருக்கும், அதைப் பார்த்து இரண்டு சனல் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் உள்ளே இரண்டும் ஒன்றுதான். தனித்தனியாகக் கொடுத்தேன், ஓம் குறையாது என்று நினைத்து ஆம்பை எரித்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (மூதூர்): 2000 வாட் என்று போட்ட ஆம்ப் ஒன்று மிக மலிவாகக் கிடைக்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளில் சொல்லி எடுப்பிக்கலாமா?

பதில்: அந்த 2000ஐ மறந்துவிட்டு ஆம்பின் பின்பக்கம் செருகியிருக்கும் பியூசைப் பாருங்கள். 30 அம்பியர் என்று இருந்தால், 13.8 வோல்ட்டோடு பெருக்க 414. பற்றறியில் இருந்து அது இழுக்கக்கூடியதே அவ்வளவுதான். கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் அதில் எண்பது வீதம் ஸ்பீக்கருக்கு வரும், 330 என்று வையுங்கள். கிளாஸ் ஏபி என்றால் பாதிக்குச் சற்று மேலே, மீதி வெப்பமாகப் போய்விடும். 414ஐ வாங்கி 2000 கொடுக்கும் சாமான் உலகத்தில் இல்லை. ஆர்எம்எஸ் (விடாமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்) என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள், அதையும் எத்தனை ஓமில் என்று பார்த்து. சப்பின் ஆர்எம்எஸ்ஸும் அதற்குக் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் போதும்.

பஞ்சிகாவத்தை பற்றி: விலை குறைவு உண்மைதான். ஆனால் பிழை என்றால் திருப்பிக் கொண்டுபோக 250 கிலோமீற்றருக்கு மேல், பஸ் காசும் ஒரு நாளும் போய்விடும். நான் என்றால் ஊரில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவேன்.

கேள்வி (ஓர்ஸ் ஹில்): பாவித்த சப் ஒன்று பார்த்திருக்கிறேன். போட்டுக் காட்டினார்கள், நன்றாக அடித்தது. வாங்கலாமா?

பதில்: ஒரு கொயில் செத்திருந்தாலும் மற்றது அடிக்கும், அதனால் போட்டுக் காட்டுவது சாட்சி ஆகாது. மல்டிமீற்றர் ஒன்றைக் கொண்டுபோய், எல்லா வயரையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு கொயிலாக அளவுங்கள். 4 ஓம் கொயில் மீற்றரில் 3.2 முதல் 3.7 வரை காட்டும், அது சரிதான், 4 வரவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக இருக்க வேண்டும். ஒன்று 3.5, மற்றது 1.9 என்றால் உள்ளே சுற்று ஒட்டிவிட்டது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. பிறகு கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக நேராக அமத்துங்கள், உரசும் சத்தம் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். கடற்கரைப் பக்கம் பாவித்தது என்றால் வயர் செருகும் முனைகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். திருகோணமலை உப்புக் காற்று யாரையும் விட்டுவைப்பதில்லை.

வயர் செட் வாங்கும்போதும் இதே கதை. மலிவு வயரில் வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். ஒரு நூலைக் கத்தியால் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள் அல்லது விடுங்கள். பற்றறியில் இருந்து வரும் வயரில் ஒன்றரை அடிக்குள் பியூஸ் கட்டாயம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், வயர் உரசி வாகனத்தின் உலோக உடலில் பட்டால் வாகனம்தான் எரியும்.

கேள்வி (உப்புவெளி, அதே தம்பி): அண்ணா, தொடராக மாற்றிவிட்டேன், இப்போது நிற்கவில்லை. கெயின் எவ்வளவு வைக்க? கடைக்காரரிடம் பெரிய ஆம்ப் வாங்கச் சொன்னதற்கு முறையிடலாமா?

பதில்: கெயின் வொலியூம் இல்லை, செட்டில் இருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு, முதலில் அதை மனதில் போடுங்கள். சப்பின் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்டை நிறுத்தி, கார் செட்டின் வொலியூமை முக்கால்வாசிக்கு வைத்து 50 ஹேர்ட்ஸ் டோன் ஒன்றைப் போடுங்கள். மல்டிமீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளியீட்டில் பிடித்துக்கொண்டு கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் வோல்ட்தான் எல்லை: 180 × 8 = 1440, வர்க்கமூலம் ஏறக்குறைய 38. 38 வோல்ட்டில் நிறுத்துங்கள். இதற்கு மேலே திருப்பினால் சத்தம் கூடுவதைவிட அலை நறுக்கப்படுவதுதான் கூடும், கொயில் கருகுவது பெரும்பாலும் அதனால்தான்.

முறைப்பாடு பற்றி: பிழையான யோசனை சொன்னதற்கு, நீங்கள் காசு கொடுக்காத வரைக்கும், ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் 2+2 என்று சொல்லி 4+4ஐத் தந்திருந்தால், அது பில்லிலும் இருந்தால், விஷயம் வேறு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977க்கு அழைத்தும் விசாரிக்கலாம். அதற்குப் பில் வேண்டும். கேட்டால் கடைக்காரர் பில் தரத்தான் வேண்டும், ஓம் எத்தனை என்பதையும் அதிலேயே பேனையால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி (கந்தளாய்): ஓட்டோவுக்கு 12 அங்குல டுவல் கொயில் சப் பூட்டலாமா?

பதில்: பூட்டலாம். காலையில் தள்ளி ஸ்டார்ட் பண்ண ஆள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.