வட்டவிதானையிடம் கேட்க வேண்டிய கேள்வி

அன்பின் ஐயா,

நான் மட்டக்களப்புப் படுவான்கரையைச் சேர்ந்தவள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பட்டம் முடித்து, இப்போது கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். நெல்வயலிலிருந்து வெளியேறும் பச்சைவீட்டு வாயுக்களை அளப்பதும் குறைப்பதும்தான் என் ஆய்வு. வளரும் நாடுகளின் ஆய்வு மாணவர்களை வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்றில் நான்கைந்து மாதம் வைத்துப் பழக்கும் புலமைப்பரிசில் ஒன்று இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்படி என் மேற்பார்வையாளர் வற்புறுத்துகிறார்.

அப்பா நவகிரிக் குளத்துப் பாய்ச்சலில் மூன்று ஏக்கர் வேளாண்மை செய்கிறார். விடயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காரில் போகிறவனையும் விமானத்தில் பறக்கிறவனையும் விட்டுவிட்டு என் வயலில் வந்து புகை தேடுகிறார்களா? சுற்றாடல் என்று சொல்லித்தானே போன முறை உரத்தை நிறுத்தினார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் விவசாயப் போதனாசிரியராக எங்கள் பக்கத்தில் வேலை செய்தவர். நான் போவது சரியா? போனால் எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

—

அன்பின் மகளுக்கு,

போய்வாருங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன் அப்பாவின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போகிறவர் எந்த நாட்டில் படித்தாலும் திரும்பி வந்து இந்த வயல் வட்டைக்குள் இறங்க முடியாது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உலகம் வெளிவிடும் பச்சைவீட்டு வாயுவில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தத் துளியில் மூன்று ஏக்கர்காரரின் பங்கு எவ்வளவு இருக்கும்? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற ஆய்வு நமக்கு வேண்டாம். 2021ஐ அவர் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். அதற்குள் இங்கே பெரும்போகம் விதைத்தாயிற்று. மஞ்சளித்து நின்ற பயிரை வரம்பில் குந்தியிருந்து பார்த்த மனிதரிடம் சுற்றாடல் என்ற சொல்லை எடுத்தாலே நெஞ்சு எரியும். அந்தத் தடைக்கு ஒன்றரை வருடம் முன்புதான், 2019 ஒக்டோபரில், கொழும்பில் கூடிய நாடுகள் நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று பிரகடனம் செய்திருந்தன. விரயத்தைக் குறைப்பது வேறு, உரத்தையே நிறுத்துவது வேறு. வித்தியாசம் தெரிந்த பேராசிரியர்கள் அப்போதே எச்சரித்தார்கள். அடுத்த முறை அப்படியொரு முடிவு மேசைக்கு வரும்போது, வெல்லாவெளியிலும் சம்மாந்துறையிலும் வயலுக்குள் நின்று எடுத்த அளவுகள் அந்த எச்சரிக்கையோடு சேர்ந்து போக வேண்டும். நீங்கள் போவது அதற்காக என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

புகை தேடுகிறார்களா என்று கேட்டாரே, அவருக்கு இதையும் சொல்லுங்கள். சேற்றில் கால் வைத்தால் விரலிடுக்கில் குமிழி கிளம்புமே, அதில் இருப்பது மெதேன். வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குக் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் வேர்க் கழிவையும் தின்று மெதேனை விடுகின்றன. குமிழியாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே போகிறது. வேர் மூச்சுவிடுவதற்குப் பயிர் வைத்திருக்கும் குழாய் அது. நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மெதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இனிக் கணக்கு. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2019இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல் ஒரு ஹெக்டேயரில் நாளொன்றுக்கு 1.19 கிலோ மெதேன் விடும் என்பது உலகச் சராசரி. தெற்காசியாவுக்கு 0.85 என்று வைத்திருக்கிறார்கள். மூன்றரை மாத நெல்லுக்கு நம்முடைய ஏக்கர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். முதல் எண்ணை எடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ, இரண்டாவதை எடுத்தால் சுமார் 36 கிலோ. அப்பாவின் வயல் ஒன்றுதான், மாறியது புத்தகத்தில் எந்த வரியை எடுத்தோம் என்பது மட்டுமே. நம் மண்ணில் அளந்த எண் கையில் இல்லாவிட்டால் இன்னொருவருடைய எண்தான் நம் தலையில் ஏறும்.

அதே வழிகாட்டியில் இன்னொரு இடம் என் மனதை மிகவும் தொட்டது. இடையிடையே பல முறை காயவிடும் வயலுக்கு 0.55 என்ற காரணியால் பெருக்கச் சொல்கிறார்கள். அதாவது மெதேன் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழையை நம்பிய வயலுக்கு 0.54. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புரட்டாதியில் புழுதி விதைப்பாக எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் நம் மானாவாரிக்காரர், மற்றவர்களைப் போகச் சொல்லி உலகம் கெஞ்சுகிற இடத்தில் ஏற்கெனவே நிற்கிறார். இதை யார் எழுதினார்கள்? யார் அளந்தார்கள்? நாற்று நடும் நாடுகளில் எழுதப்பட்ட கேள்விகளோடு மட்டும் நீங்கள் திரும்பி வந்தால் இந்தக் கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

நீங்கள் சொல்லும் வகைப் புலமைப்பரிசில்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். விவசாயப் பச்சைவீட்டு வாயுக்கள் பற்றிய உலக ஆய்வுக் கூட்டணியை 2009 டிசம்பரில் கோப்பன்ஹேகனில் அறிவித்தார்கள். கிளிஃப்-கிராட்ஸ் என்ற திட்டம் அந்தக் கூட்டணியோடு சேர்ந்து வந்தது. வளரும் நாடுகளின் கலாநிதிப் பட்ட மாணவர்களை நான்கு முதல் ஆறு மாதம் வரை வேறொரு ஆய்வு நிறுவனத்தில் இருத்திக் கைப்பழக்கம் கொடுப்பதுதான் அதன் வேலை. கைப்பழக்கம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். வாயு அளப்பது படித்து வருகிற காரியம் அல்ல.

ஒருமுறை, எங்கே என்பது இங்கே வேண்டாம், ஓர் இளைஞர் வயலில் அளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பயிருக்கு நடுவே ஒரு சட்டத்தை முன்கூட்டியே மண்ணில் பதித்திருந்தார். அதன் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்தார். உள்ளே சின்ன மின்விசிறி ஒன்றும் வெப்பமானி ஒன்றும். மூடியவுடன் ஒரு மாதிரி, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அரை மணி வரை. ஊசிக்குழலால் காற்றை இழுத்து, காற்று உறிஞ்சி எடுக்கப்பட்ட குப்பிக்குள் செலுத்தினார். அவர் நின்றது சேற்றில் அல்ல, முன்பே போட்டிருந்த பலகையில். சேற்றில் கால் வைத்தால் குமிழி கிளம்பிக் கணக்கைக் கெடுத்துவிடும். மூன்றாவது மாதிரியின்போது பலகை லேசாகச் சரிந்தது. அவர் கால் மண்ணில் படவில்லை, ஆனாலும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, யாரும் அவரைப் பார்த்துக் குறை சொல்லப்போவதும் இல்லை. அந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள். நல்ல ஆசிரியர் பக்கத்தில் நின்றால்தான் அது கைக்கு வரும்.

ஆனால் அங்கே கிடைக்காத பாடம் ஒன்று இருக்கிறது. அதை நான் பட்டு அறிந்தேன்.

போதனாசிரியராக இருந்த காலத்தில், ஒரு சிறுபோகத்தில், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடும் முறையை ஒரு வயலில் செய்து பார்த்தேன். ஓர் அடி நீளக் குழாயில் கீழ்ப்பாதி முழுக்கத் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி பதிப்பது. குழாய்க்குள் தண்ணீர் நிலமட்டத்துக்கு அரை அடி கீழே இறங்கியதும் மறுபடி இரண்டு அங்குல உயரத்துக்குப் பாய்ச்சுவது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. தண்ணீர் மிச்சம், விளைச்சல் குறையாது. எனக்கு அன்று மெதேனைப் பற்றி எண்ணமே இல்லை, குளத்துத் தண்ணீரைப் பற்றித்தான் கவலை. வயல்காரர் சம்மதித்தார். குழாயைப் பதித்தோம். ஒவ்வொரு நாளும் காலையில் குச்சியை விட்டு அளந்தேன்.

இரண்டாம் வாரம் வயலுக்குப் போனேன். தண்ணீர் நிரம்பி வரம்பைத் தொட்டு நின்றது. ஏன் என்று கேட்டேன். "இன்றைக்கு எங்கள் முறை ஐயா. இன்றைக்குக் கட்டாவிட்டால் அடுத்த முறை எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்?" என்றார் அவர். குழாய்க்குள் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை என்பதும், பயிருக்கு அன்று தண்ணீர் தேவையில்லை என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். வாய்க்கால் பயிரின் தேவையைப் பார்த்து ஓடுவதில்லை, முறை பார்த்து ஓடுகிறது. போதாததற்கு மேல்வயலின் தண்ணீர் நண்டு வளை வழியாக இவர் வயலுக்குள் கசிந்துகொண்டிருந்தது. நான் வயல்காரரைக் கேட்டேன், ஆனால் வாய்க்கால் தண்ணீரை முறைப்படி பங்கிட்டு விடும் வட்டவிதானையைக் கேட்கவில்லை. பக்கத்து வயல்காரரையும் கேட்கவில்லை. போகம் தொடங்கும் முன் ஆரம்பக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஒரு வயலைத் தனியே காயவிட முடியாது மகள், காயவிடுவதென்றால் ஒரு வாய்க்காலையே சேர்த்துத்தான் காயவிட வேண்டும்.

இதை ஆய்வு முறையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வட்டவிதானையிடம் போய், "முறையை ஏழு நாளிலிருந்து பத்து நாளாக்கினால் எந்த வயல் முதலில் காய்ந்து வெடிக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வயலில்தான் உங்கள் பெட்டியை வைக்க வேண்டும்.

பெரும்போகத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. கார்த்திகை, மார்கழியில் வானம் திறந்துவிட்டால் பள்ளக் காணியில் யார் தண்ணீரை வடிப்பது? அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். வைக்கோலை விதைப்புக்குச் சற்று முன் உழுது புதைத்தால் மெதேன் கூடும். ஒரு மாதத்துக்கு மேல் முந்திப் புதைத்தால் வெகுவாகக் குறையும். இப்போது அறுவடை இயந்திரம் வரிசையாக விட்டுப்போகும் வைக்கோலுக்குப் பலர் நெருப்பு வைக்கிறார்கள். சிறுபோக வெட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களில் அதை உழுது மூட முடியுமா, அதற்கு உழவு இயந்திரக் கூலி எவ்வளவு என்று பாருங்கள்.

யூரியாவையும் விடாதீர்கள். ஐம்பது கிலோ மூட்டையில் நைதரசன் 23 கிலோ. தேங்கிய தண்ணீரில் வீசினால் அதில் கணிசமான பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். காய்ந்தும் நனைந்தும் மாறும் மண்ணில் நைதரசு ஒட்சைட்டும் கிளம்பும், அது காபனீரொட்சைட்டைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஆகவே மெதேனை மட்டும் அளந்துவிட்டு வெற்றி என்று எழுதிவிடக் கூடாது. காய்ச்சிய மண்ணில் யூரியாவை இட்டு உடனே தண்ணீர் கட்டுவதுதான் நல்லது என்கிறார்கள். அப்பாவிடம் இதை வாயுக் கணக்காகச் சொல்ல வேண்டாம், மூட்டைக் கணக்காகச் சொல்லுங்கள். காற்றில் போவது அவருடைய காசு.

உங்கள் ஆய்வில் மாடு இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நைரோபியில் சர்வதேச கால்நடை ஆய்வு நிறுவனத்துக்குள் மசிங்கிரா என்றொரு நிலையம் இருக்கிறது. ஆபிரிக்க மேய்ச்சல் தரைகளில் விழும் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் வரும் நைதரசு ஒட்சைட்டை அங்கே அளந்தார்கள். புத்தகத்தில் இருந்த பொது எண்ணைவிட அது குறைவாக இருந்தது. ஏழை இடையர்களின் தலையில் இருந்த ஒரு பாரத்தை அளவு ஒன்று இறக்கி வைத்தது. மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல் தரைக்காக 2023 முதல் பண்ணையாளர்கள் போராடியதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பட்டி மாடுகள் என்ன தின்கின்றன, எவ்வளவு நடக்கின்றன, எவ்வளவு பால் தருகின்றன என்று உங்கள் தோழி ஒருத்தி அளக்க வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போகும் முன் உங்களை ஏற்கும் ஆய்வு நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி இரண்டு விடயத்தைக் கேளுங்கள். திரும்பி வந்தபின் இங்கிருந்து குப்பிகளை அனுப்பினால் கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற வாயு அளக்கும் கருவியில் அளந்து தருவார்களா? பெட்டியும் சட்டமும் இங்கே ஒட்டுத் தொழிற்கூடத்தில் செய்துகொள்ளும்படி அளவு வரைபடம் தருவார்களா? கருவி அங்கே, வயல் இங்கே என்று ஆகிவிட்டால் கற்றது கையைவிட்டுப் போய்விடும். நல்ல பிள்ளைகள் பலருக்கு அப்படி ஆனதை நான் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து ஒரு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, மனவருத்தம்தான்.

கடைசியாக அப்பாவுக்கு ஒரு வேலை. ஒரு கொப்பியை வாங்கிக் கொடுங்கள். இந்தச் சிறுபோகத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்த திகதி, வயலில் தண்ணீர் வற்றிய திகதி, யூரியா எறிந்த திகதி, மழை பெய்த நாள், இவற்றை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்பார். நீங்கள் திரும்பி வந்து முதல் பெட்டியைக் கவிழ்க்கும் நாளில் அந்தக் கொப்பி இல்லாமல் உங்களால் ஒரு வரிகூட எழுத முடியாது என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

அன்புடன்